வெள்ளை மட்டும் வெந்த கோடை

அந்த மாடு வெயிலுக்குள் வர மறுத்தது. எங்கள் கால்நடை மருந்தகத்தின் வாசலுக்கும் சாலையோரப் புளியமரத்துக்கும் இடையில் முப்பதடிதான் இருக்கும். மர நிழலில் நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்த பெண் இழுத்துப் பார்த்தாள், பிறகு கெஞ்சிப் பார்த்தாள். முதுகின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்தியிருந்தாள். காலை பதினொரு மணிக்கே அந்தச் சாக்கு காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

"வர்ற வழியெல்லாம் இப்புடித்தாங்க டாக்டரம்மா. மரத்தக் கண்டா நின்னுக்குது. மரம் இல்லாத எடத்துல கயித்த அத்துக்கிட்டு ஓடப் பாக்குது. அஞ்சு மைலு நடக்க விடிகாலைல கெளம்புனேன்."

நானே மரத்தடிக்குப் போனேன். சாக்கைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. அழுகிய வாடை இல்லை; கரிந்த மயிரின் வாடையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாடு. அரசுத் திட்டத்தில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்தவற்றில் ஒன்று. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் தோல் தடித்து, வெடித்து, விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. சில இடங்களில் அடை போலக் கழன்று, கீழே சிவப்புச் சதை தெரிந்தது. மூக்கின் வெளுத்த பகுதி கொப்பளித்திருந்தது. கறுப்பாக இருந்த இடங்களில் ஒன்றுமே இல்லை. மயிர் பளபளவென்று படிந்து, நேற்று குளிப்பாட்டியதைப் போல இருந்தது. வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்கும் கோடு வரைக்கும்தான் புண். ஒரு விரல்கடை கூட அந்தப் பக்கம் தாண்டவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எண்பதுகளின் நடுவில், தருமபுரி மாவட்டத்தின் அந்த மூலையில், மாட்டு டாக்டராக ஒரு பெண் வருவதை வேடிக்கை பார்க்கவே சனம் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வரும். அன்றும் ஐந்தாறு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தெரியாது என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் நினைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"யாராச்சும் ஆசிட் ஊத்திட்டாங்களா? ஆசிட் பட்ட மாதிரில்ல இருக்கு!"

சற்று உரக்கத்தான் கேட்டேன். அந்தப் பெண் திகைத்தாள். "எங்க மாட்டுக்கு எவருங்க அப்புடிச் செய்வாங்க?" என்றாள். வாசலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்னோடு வேலை பார்த்த கம்பவுண்டர் அந்தப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வேளாண்மைக் குடும்பம். அவர் புண்ணைக் கழுவிக்கொண்டே என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தீப்புண்ணுக்குப் போடும் களிம்பைப் போட்டோம், ஓர் ஊசி போட்டோம். போகும்போது அந்தப் பெண்ணிடம் நான் சொல்லி அனுப்பினேன்: "கொட்டாய்க்குள்ள அடைக்காதீங்க. நல்லாக் காத்தோட்டமா வெளியிலேயே கட்டுங்க, புண்ணு சீக்கிரம் ஆறும்."

அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். மூன்று நாள் வெட்டவெளியில் கட்டிப் போட்டாள்.

நாலாம் நாள் அதே ஊரிலிருந்து இன்னும் இரண்டு மாடுகள் வந்தன. அதற்கு மறுநாள் ஒரு கிடாரி. எல்லாமே கறுப்பு வெள்ளைக் கலப்பினம். எல்லாவற்றிலும் வெள்ளை மட்டும் வெந்திருந்தது. கிடாரியைக் கொண்டு வந்த ஆள் என் மேசைக்கு முன்னால் நின்று, "ஆசிட்டுதானுங்களே?" என்று கேட்டார். நான் கேட்ட கேள்வி, நாலு நாளில் அவர் வாயில் பதிலாகியிருந்தது.

"இன்னும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க," என்றேன்.

"உறுதிதாங்கம்மா. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

அவர் போனபிறகு கம்பவுண்டர் கதவருகே வந்து நின்றார். "அம்மா, அந்தக் கிடாரியோட கண்ணப் பாத்தீங்களா? மஞ்சளா இருந்துது. ஆசிட்டுக்குக் கண்ணு மஞ்சளாவாதுங்களே."

அவர் சொன்னது சரி. முதல் மாட்டின் கண்ணிமையை நான் விலக்கியே பார்க்கவில்லை. அன்று முற்பகலே பஸ் பிடித்து, நிறுத்தத்தில் இறங்கி, ஒன்றரை மைல் நடந்து அந்த ஊருக்குப் போனேன்.

காட்டோர ஊர். தொடர்ந்து இரண்டாவது வருஷமாக மழை இல்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வைக்கோல் போரின் அடித்தூர் மட்டும் எஞ்சியிருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது மாடுகள்தான். ஒவ்வொரு வீட்டின் கிழக்குச் சுவரிலும் ஒரு மாடு ஒட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் உச்சி சாய்ந்து சுவர் நிழல் ஒரு முழ அகலத்துக்கு விழத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் உடம்பை நுழைக்க அவை சுவரோடு உரசிக்கொண்டிருந்தன. உரசிய இடத்தில் செம்மண் சுவரில் ஈரமான பட்டைகள். எந்த மாடும் கத்தவில்லை.

ஆட்களும் என்னோடு பேசவில்லை. வழக்கமாக என்னைக் கண்டதும் கூப்பிட்டு மோர் கொடுக்கும் ஊர் அது. அன்று ஆண்கள் கோயில் வேப்பமரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். நான் நெருங்கியதும் பேச்சு நின்றது, நான் தாண்டியதும் மறுபடி தொடங்கியது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பார். அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். மாடு கூரைச் சார்ப்பின் கீழ் படுத்திருந்தது. இமையை விலக்கினேன். மஞ்சள் கிழங்கை அரைத்துத் தடவிய மாதிரி இருந்தது. சாணம் கெட்டி உருண்டையாக, சளி படர்ந்து கிடந்தது. மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறம். இது தோலில் தொடங்கிய நோயே அல்ல. ஈரல் கெட்டிருக்கிறது.

"மாட்ட எங்க மேய்க்கிறீங்க?"

"மேயறதுக்கு எங்கீங்க இருக்குது? கரட்டு மேலதான் ஓட்டி வுடறோம். அங்கதான் பச்ச தெரியுது."

கூட்டிப் போகச் சொன்னேன். ஊருக்கு மேற்கே கரடு ஏறும் சரிவு முழுக்கப் பச்சையாகத்தான் இருந்தது. அத்தனையும் உன்னிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து, ஆள் உயரத்துக்கு, உள்ளே நுழைய முடியாதபடி பின்னிக் கிடந்தது. நாட்டு மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை, பட்டினி கிடந்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வெளியிலிருந்து வந்த கலப்பின மாடுகளுக்கு அந்த அறிவு இல்லை. மாட்டின் வாய் எட்டும் உயரம் வரைக்கும் கிளைகள் கடித்து மொட்டையாகியிருந்தன. நான் அந்தச் சரிவில் நின்றுகொண்டு எத்தனை மாடுகள் எத்தனை நாள் மேய்ந்திருக்கும் என்று யோசித்தேன். வெயில் என் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முதன்முறையாக எனக்கு வெயிலைக் கண்டு பயம் வந்தது.

படித்த காலத்தில் உயிர்வேதியியல் வகுப்பில் இதை எழுதித் தேர்வில் மார்க்கும் வாங்கியிருந்தேன். மாடு தின்னும் தழையில் உள்ள பச்சையம் வயிற்றில் சிதைந்து வேறொரு நிறமியாக மாறுகிறது. ஈரல் நன்றாக இருந்தால் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். உன்னி ஈரலை முடக்கிவிடுகிறது. தள்ளப்படாத நிறமி இரத்தத்தில் ஏறித் தோலுக்கு அடியில் போய்த் தங்குகிறது. இருட்டில் அது ஒன்றும் செய்யாது, சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டால்தான் விழிக்கும். ஒளியை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்க்கும். பிராணவாயுவையும் வெறி பிடிக்க வைக்கும். ஜோடி இழந்த எலக்ட்ரானோடு நிற்கும் அந்தத் துண்டுக்குத்தான் வேதியியலில் தனி உறுப்பு, அதாவது ஃப்ரீ ராடிக்கல், என்று பெயர். அது சும்மா நிற்காது. அடுத்த மூலக்கூறிலிருந்து பறித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்ளும். பறிகொடுத்தது அதற்கடுத்ததிடம் போகும். இப்படியே செல்லின் சவ்வு கிழிந்து, தோல் உள்ளிருந்து வேகும். கறுப்புத் தோலில் இருக்கும் கருநிறம் வெளிச்சத்தை மேலேயே தடுத்துவிடும். வெள்ளைக்குத் தடுப்பு இல்லை. வெள்ளை மயிர் இருந்தாலும் கீழே தோல் கறுப்பாக இருந்தால் தப்பிக்கும். அந்தப் பக்கத்து நாட்டு இனமான ஆலம்பாடி மாடுகளில் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் ஒரு மாட்டை மூன்று நாள் வெட்டவெளியில் கட்டச் சொன்னவள் நான்தான்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "மாட்ட இருட்டுல கட்டணும். கொஞ்சங்கூட வெளிச்சம் படக்கூடாது. கரட்டுக்கு ஓட்டவே கூடாது."

"வெளிய கட்டச் சொன்னீங்களேம்மா?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவளுக்கு இருந்தது ஒரே அறை. பாத்திரங்களையும் துணிமூட்டையையும் வெளியே எடுத்து வைத்தாள், பிள்ளைகளின் பாயை வேலியோரம் விரித்தாள், மாட்டை உள்ளே கொண்டு போனாள். வாசலுக்குக் கோணிகளை இரட்டையாகத் தைத்துத் தொங்கவிட்டாள். அடுப்புக்கரியை இடித்து நீரில் கரைத்து மூங்கில் குழாயால் புகட்டும் முறையைக் காட்டிவிட்டு, பேதி உப்பும் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற வீடுகளிலும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், "வெயிலு மாட்டச் சுடுமா? எங்க அப்பன் காலத்துல இருந்து மாடு வெயில்லதான் மேயுது. நீங்க யாரையோ காப்பாத்தப் பாக்குறீங்க," என்றார்.

யாரை என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் கம்பவுண்டர் சொன்னார்.

அந்தச் சுற்றுவட்டத்து ஊர்களில் மாடு செத்தால் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு பாய் வருவார். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே இருந்த தன் கொட்டகையில் ஆள் வைத்துத் தோலுரித்து, உப்புத் தடவி, வாணியம்பாடிக்கு அனுப்புவார். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான மனிதர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விசாரிப்பார். எங்கள் மருந்தகத்துக்கும் வாரம் ஒருமுறை வந்து கம்பவுண்டரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

"மாடு சாவறதுனால ஆருக்கு லாபம்னு யோசிச்சிருக்காங்க. உடனே பாயி பேரு வந்துடுச்சு," என்றார் கம்பவுண்டர். "போன மாசம் கரட்டுப் பக்கம் அவரு சைக்கிள்ல போனத ஒருத்தன் பாத்தானாம். பின்னாடி கேன் வச்சிருந்தாராம்."

"என்ன கேன்?"

"மண்ணெண்ண கேனா இருக்கும். தண்ணி கேனா இருக்கும். இப்ப அது ஆசிட்டு கேனு." அவர் மேசையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானம் கோயில்ல ஊர்க்கூட்டம். வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காங்க. வரலைன்னா கொட்டாய்க்கே போறதுன்னு பேச்சு."

ஆசிட் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாயே வந்தார். சைக்கிளை உள்ளே கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். எப்போதும் மரத்தடியில்தான் விடுவார். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். தோல் வியாபாரம் பண்றவன் தோல் மேல ஆசிட்ட ஊத்துவானா? வெந்த தோல வாணியம்பாடிக்காரன் கையால தொடுவானா? இத அந்த ஊர்ல ஒருத்தரும் யோசிக்கலைங்கம்மா."

"ஆசிட் இல்லைங்க பாய். உன்னிச்செடிதான் காரணம். ஈரலும் வெயிலும் சேர்ந்து செஞ்ச வேலை. எனக்குத் தெரியும்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அத ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. ஆசிட்டு இல்லைன்னு ஒரு வரி. உங்க கையெழுத்து, சீலு. அது போதும்."

நான் தயங்கினேன். இரத்த மாதிரியைத் தருமபுரிக்கு அனுப்பியிருந்தேன், முடிவு வரவில்லை. மேலதிகாரியைக் கேட்காமல் ஊர் வழக்கில் எழுத்தில் கொடுத்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாமே நியாயமான காரணங்களாகத்தான் எனக்குத் தோன்றின.

"திங்கக்கெழம வாங்க, எழுதித் தர்றேன்."

"கூட்டம் ஞாயித்துக்கெழமைங்கம்மா."

"நானே வர்றேன். நேர்ல சொல்றேன். காகிதத்த விட அது மேல்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரிங்கம்மா," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். நிறுத்தத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். கம்பவுண்டரும் கூட வந்தார். ஊர் எல்லையில், காய்ந்த ஓடையின் மணலில், பாயின் சைக்கிள் கிடந்தது. முன் சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. மணலில் பல செருப்புகளின் தடம். கம்பவுண்டர் என்னை முந்திக்கொண்டு நடந்தார்.

கோயில் வேப்பமரத்தடியில் பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தார். புருவத்துக்கு மேல் வழிந்த இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சுற்றி எழுபது எண்பது பேர். ஊர்க்கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல, ஆனால் தன் ஊர்க்காரர்களைக் கண்டு அன்று அவருக்கே பயமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது.

"வாங்க டாக்டரம்மா. உங்களுக்குத்தான் காத்துட்டு இருந்தோம்," என்றார்.

"காத்துட்டு இருந்தா இவருக்கு எப்புடிக் கை ஒடஞ்சுது?"

"வர்ற வழில வுழுந்துட்டாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

நான் பேசினேன். ஈரல், பித்தம், உன்னி என்று எனக்குத் தெரிந்த தமிழிலெல்லாம் சொன்னேன். வெளிச்சம் பட்டதும் தோலுக்குள் ஒன்று ஒன்றைப் பிய்க்கிறது என்றேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பச் சொல்லிக் கேட்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர்களிடம் கண்ணால் பார்த்த புண் இருந்தது, ஒரு கேன் இருந்தது, ஓர் ஆள் இருந்தார். கூட்டம் அசையவில்லை. வெயில் வேப்பிலைக்கு நடுவே இறங்கி அத்தனை முகங்களிலும் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.

அப்போது அந்தப் பெண் தன் வீட்டுப் பக்கமிருந்து வந்தாள். மாட்டின் மேல் கம்பளியும் அதன் மேல் சேலையும் போர்த்தி, கண்களைத் துணியால் மறைத்து, ஒவ்வோர் அடியாக நடத்திக்கொண்டு வந்தாள். பெரிய மகள் மறுபக்கம் துணியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"இதோட கழுத்தப் பாருங்க," என்றாள் என்னிடம். "நேத்து பட்டைய அவுத்தேன். அப்பத்தான் பாத்தேன்."

அந்த மாட்டின் கழுத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை எப்போதும் இருக்கும், மணி கட்டுவதற்கு. துணியை விலக்கினாள். கழுத்து முழுக்க வெள்ளை. மேலும் கீழும் புண் பொருக்கு. நடுவில் பட்டை இருந்த இடம் மட்டும், அளந்து கோடு போட்ட மாதிரி, புண்ணே இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது.

நான் பேசத் தொடங்குவதற்குள் அவளே கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஆசிட்டு ஊத்துனா பட்டைக்குள்ள எறங்காதா? தண்ணி எறங்குது, ஆசிட்டு எறங்காதா? ஊத்துனவன் பட்டைய அவுத்துட்டு, ஊத்திட்டு, தொடச்சிட்டு, மறுபடியும் கட்டிட்டா போனான்?"

ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். "வெயிலு படாத எடம்," என்றார் தனக்குத்தானே. பிறகு இன்னும் இருவர் வந்து பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரம் மெல்லக் கரையத் தொடங்கியது.

முன்பு சிரித்த குரல்களில் ஒன்று இப்போது கோபமாகக் கேட்டது: "அப்ப மொதல்ல ஆசிட்டுன்னு சொன்னது ஆரு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். அன்று மருந்தக வாசலில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

"யாரோ தெரியாமச் சொல்லியிருப்பாங்க," என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை எனக்குள் திருத்திப் பார்த்திருக்கிறேன். அன்று வாயிலிருந்து வந்தது இதுதான்.

பாயைத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர் கூட்டிப்போனார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பையன் ஓடிப்போய் ஓடையிலிருந்து சைக்கிளை எடுத்து வந்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்தான். அது அங்கேயே பல மாதம் நின்றது.

அடுத்த பத்து நாளில் நான்கு மாடுகள் செத்தன. பாய் வரவில்லை. வேறு ஊரிலிருந்து தோல் வாங்குகிற இன்னொருவருக்கு ஆள் அனுப்பினார்கள். நடந்ததைக் கேள்விப்பட்டு அவரும் மறுத்துவிட்டார். செத்த நான்கில் முதலாவதைக் கரட்டடிக்கு இழுத்துப்போய்ப் போட்டார்கள். கழுகுகள் இறங்கின. எனக்கு நினைவு தெரிந்து அத்தனை கழுகுகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பட்டப்பகலில் கோயில் கோபுரத்திலும் மின்கம்பத்திலும் வந்து உட்கார்ந்தன. நாற்றம் பொறுக்காமல் மற்ற மூன்றுக்கும் குழி தோண்டினார்கள். இரண்டு வருஷம் மழை காணாத மண். கடப்பாறை பட்டால் பொறி பறந்தது. ஓடையில் சைக்கிளைப் போட்டு மிதித்ததாகச் சொல்லப்பட்ட ஆட்களே சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு மாட்டுக்கு ஒரு முழுநாள் என்று வெயிலில் நின்று தோண்டுவதைப் பார்த்தேன். நான் பக்கத்தில் போனபோது ஒருவரும் நிமிரவில்லை.

தருமபுரியிலிருந்து இரத்தச் சோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. ஈரல் பாதிப்பு என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போனேன்.

பாயின் வீடு சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கை மாவுக்கட்டில் இருந்தது. அவர் மனைவி உள்கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் தேநீர் கொடுத்தனுப்பினார். காகிதத்தை நீட்டினேன். இடது கையால் வாங்கி, படிக்காமல், பக்கத்து அலமாரியில் வைத்தார்.

"பாய், அந்த வார்த்தைய மொதல்ல சொன்னது நான்தான். மருந்தக வாசல்ல வச்சு, யோசிக்காமக் கேட்டுட்டேன்."

"தெரியும்மா," என்றார்.

இடது கையால் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

"சந்தையில அடுத்த நாளே தெரிஞ்சுபோச்சு. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னுதானே எல்லாரும் நம்புனாங்க. நான் சொன்னா எடுபடுமா? உங்க வாயில வந்தத உங்க கையாலயே இல்லைன்னு எழுதி வாங்கிடலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி சொல்வதைப் போலச் சொன்னார். உள்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தேநீர் ஆடை கட்டி ஆறிப் போயிருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

அவர் தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு, அண்ணன் மகனோடு தொப்பூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை போட்டார். மணிக்கட்டு நேராகக் கூடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊர்க்கவுண்டரே ஒருமுறை நேரில் போய்க் கூப்பிட்டாராம். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து உபசரித்து, வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அந்தப் பெண்ணின் மாடு பிழைத்தது. ஐம்பது நாள் அந்த இருட்டறையில் இருந்தது. ஒரு காதின் நுனி காய்ந்து உதிர்ந்துவிட்டது. வெள்ளைத் தோல் சுருக்கம் சுருக்கமாக வளர்ந்தது, மயிர் சரியாக முளைக்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தபிறகு ஒருநாள் நான் போயிருந்தபோது, பிள்ளைகளின் பாய் மறுபடி வீட்டுக்குள் விரித்திருந்தது. மாட்டை வெளியே கட்டியிருந்தாள். மேகம் விலகி வெயில் அடித்ததும் அது சட்டென்று எழுந்து, கயிறு விட்ட தூரம் வரை போய், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது.

"ஒடம்பு சரியாயிடுச்சுங்களே, இன்னும் எதுக்குங்கம்மா பயப்படுது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த முறை யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

மழை பிடிப்பதற்கு முன்பே கரட்டில் ஊர் சேர்ந்து உன்னியை வெட்டினார்கள். ஆணும் பெண்ணுமாக மூன்று நாள் வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். நானும் ஒருநாள் போய் நின்றேன். மழை நின்ற பத்தாம் நாள் பார்க்கப் போனோம். புல் இன்னும் தரையை விட்டு எழவில்லை. வெட்டிய ஒவ்வொரு தூரிலும் உன்னி துளிர்த்திருந்தது.